நோட்டில் எழுதிய வாக்குறுதி

நாள்தோறும் நம் கையில் புழங்கும் நூறு ரூபாய் நோட்டை எடுத்து உற்று நோக்கினால், ரிசர்வ் பாங்குக் கவர்னரின் கையொப்பத்திற்கு மேலே ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். இந்நோட்டைக் கொண்டு வருபவருக்கு நூறு ரூபாய் கொடுப்பதாக உறுதி கூறுகிறேன் என்பது அதன் பொருள். படிப்பவர் மனத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பே. கையில் இருப்பதே நூறு ரூபாய் அன்றோ? நூறு ரூபாயைக் கொடுத்தால் நூறு ரூபாய் தருவேன் என்று ஒருவர் உறுதி கூறுவதற்கு என்ன பொருள் இருக்க முடியும்?

இன்றைய சட்டத்தை மட்டும் படித்தால் இவ்வினாவுக்கு முழு விடை கிடைக்காது. ஒரு காலத்தில் நடைமுறையில் இருந்து, பின் ஒன்றன்பின் ஒன்றாக நீக்கப்பட்ட பழைய சட்டங்களில்தான் அவ்விடை அடங்கியிருக்கிறது. சட்டங்கள் மறைந்தன, அவை பிறப்பித்த வாசகம் மட்டும் நோட்டில் நிலைத்து நிற்கிறது. அச்சட்டங்களின் வரலாற்றைச் சென்னையையும் பெங்களூரையும் முதன்மையாகக் கொண்டு ஆராய்வோம்.

நோட்டைக் கொடுத்து அதற்கு ஈடான நாணயத்தைப் பெறுவதை நோட்டு மீட்பு என்று சொல்வோம். மீட்பைப் பற்றிய எந்தச் சட்டமாயினும் நான்கு கேள்விகளுக்கு விடை கூறியாக வேண்டும். யார் கொடுப்பார்? எதைக் கொடுப்பார்? எந்த இடத்தில் கொடுப்பார்? எந்நாள் வரையில் கொடுப்பார்? இந்நான்கையும் நினைவிற் கொண்டால், கடந்த இரு நூற்றாண்டுகளின் சட்டங்கள் அனைத்தும் எளிதில் விளங்கிவிடும்.

முதலில் நாணயத்தைப் பற்றிச் சிறிது அறிவோம். 1835ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிக்குட்பட்ட பகுதி முழுமைக்கும் ஒரே வகையான வெள்ளி ரூபாயை ஏற்படுத்திற்று. அதன் எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. எண்பது ரூபாய் சேர்ந்தால் ஒரு சேர் எடையாகும். ஆகவே ஒரு வர்த்தகர் பத்தாயிரம் ரூபாயை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு அனுப்ப விரும்பினால், 125 சேர், இன்றைய அளவையில் ஏறத்தாழ 117 கிலோகிராம் வெள்ளியை மூட்டை கட்டி, மாட்டு வண்டியில் ஏற்றி, காவலுக்கு ஆளும் வைத்து அனுப்ப வேண்டியிருந்தது. இச்சுமைக்கு மாற்றாகவே காகித நோட்டு வந்தது. வெள்ளி ஓரிடத்தில் பத்திரமாக இருக்கிறது; வேண்டும்போது வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று கூறும் சீட்டே ஆதியில் நோட்டாக இருந்தது.

இந்தச் சீட்டை முதலில் வெளியிட்டவை பாங்குகள். கல்கத்தாவில் 1770ஆம் ஆண்டில் தோன்றிய ஹிந்துஸ்தான் பாங்கு இத்துறையில் முன்னோடி. சென்னையில், கவர்னர் வில்லியம் பெண்டிங்க் பிரபுவின் காலத்தில், 1806ஆம் ஆண்டில் அரசாங்க பாங்கு ஒன்று நிறுவப்பட்டது. பின்னர் மூன்று மாகாணத் தலைநகரங்களுக்கும் தனித்தனியே பெரிய பாங்குகள் அமைந்தன. 1806இல் கல்கத்தா பாங்காகத் தொடங்கியது 1809இல் வங்காள பாங்கு என்று பெயர் பெற்றது. 1840இல் பம்பாய் பாங்கும், 1843 ஜூலை முதல் தேதியன்று பாங்க் ஆப் மதராஸ் எனப்பட்ட சென்னை பாங்கும் தோன்றின. சென்னை பாங்கின் நோட்டுகளில் கவர்னர் சர் தாமஸ் மன்றோவின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. மக்கள் மதித்த ஆட்சியாளர் ஒருவரின் உருவம் காகிதத்தின்மீது நம்பிக்கையை வளர்க்கும் என்று கருதினர் போலும்.

இந்நோட்டுகளுக்கும் இன்றைய நோட்டுகளுக்கும் உள்ள பெரும் வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். கடனுக்கு ஈடாகக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கியே தீரவேண்டும் என்று சட்டம் விதிக்கும் பணத்தைச் சட்டச் செலாவணி என்பர். பாங்குகளின் நோட்டு அத்தகையதன்று. வேண்டாம் என்று மறுக்க எவருக்கும் உரிமை இருந்தது. ஆகவே அதன் மதிப்பு முழுவதும் மீட்பையே சார்ந்து நின்றது. பாங்கின் வாயிலுக்குச் சென்று நோட்டை நீட்டினால் அப்பொழுதே வெள்ளி கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ள வரையில் அது பணம். நம்பிக்கை குலைந்த கணத்தில் வெறும் காகிதம். யார் கொடுப்பார் என்ற முதற் கேள்விக்கு அன்றைய விடை, வெளியிட்ட பாங்கு என்பதே. எதைக் கொடுப்பார் எனில், வெள்ளி நாணயம். எங்கே எனில், பாங்கின் சொந்தக் கருமபீடத்தில். எந்நாள் வரை எனில், பாங்கு நிலைத்திருக்கும் நாள் வரை.

இந்தக் கடைசி விடையில்தான் ஆபத்து ஒளிந்திருந்தது. ஹிந்துஸ்தான் பாங்கை நடத்தி வந்த அலெக்சாந்தர் கம்பெனி முறிந்தபோது, 1832இல் அந்தப் பாங்கும் மூடப்பட்டது. பாங்கு நோட்டு வீழ்ந்தால் என்ன நேரும் என்பதற்கு நமக்கு அண்மையிலுள்ள இலங்கையும் ஒரு சான்று. அங்கே பாங்குகள் நோட்டு வெளியிடும் முறை இந்தியாவைக் காட்டிலும் நீண்ட காலம் நீடித்தது. காப்பித் தோட்டங்களுக்குப் பெருந்தொகை கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்கு, காப்பிச் செடிகளை நோய் அழித்த பின் தளர்ந்து, 1884 மே 3ஆம் தேதி கதவை அடைத்தது. நோட்டை வைத்திருந்தோர் திகைத்து நின்றனர். கவர்னர் சர் ஆர்தர் கார்டன், அந்நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பேற்கும் என்று அறிவித்துப் பீதியைத் தணித்தார். அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டு, நோட்டு வெளியிடும் பொறுப்பை இலங்கை அரசாங்கம் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. பாங்கில் கணக்கு வைத்திருப்பவன் அதன் நிலைமையை ஆராய்ந்து பார்த்துத் தன் பணத்தைப் போடலாம். கூலியாக ஒரு நோட்டைப் பெற்றவனோ எந்த ஆராய்ச்சியும் செய்ய இயலாதவன். பாங்கு வீழும்போது அவன் கையில்தான் அந்நோட்டு தங்கிவிடுகிறது.

இந்தியாவில் இம்மாற்றம் இருபத்து மூன்று ஆண்டுகள் முன்னரே நிகழ்ந்துவிட்டது. 1857ஆம் ஆண்டுப் போருக்குப்பின் நிதிநிலையைச் சீர்செய்ய இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட ஜேம்ஸ் வில்சன், அரசாங்கமே நோட்டு வெளியிட வேண்டும் என்ற திட்டத்தை வகுத்தார். 1860இல் அவர் கல்கத்தாவில் காலமானதால், அவருக்குப்பின் நிதிப் பொறுப்பேற்ற சாமுவேல் லேயிங் காலத்தில் அது சட்டமாயிற்று. 1861ஆம் ஆண்டின் பத்தொன்பதாவது சட்டமாகிய காகிதச் செலாவணிச் சட்டம் இதுவே. 1862 மார்ச் முதல் தேதியிலிருந்து மூன்று மாகாணப் பாங்குகளும் நோட்டு வெளியிடும் உரிமையை இழந்தன. கேட்டவுடன் கொண்டுவருபவருக்குப் பணம் தருவதாகக் கூறும் சீட்டைத் தனியார் எவரும் வெளியிடலாகாது என்றும் சட்டம் தடுத்தது. அன்று பிறந்த அந்தத் தடை, ரிசர்வ் பாங்குச் சட்டத்தின் 31ஆம் பிரிவாக இன்றும் உயிருடன் இருக்கிறது.

புதிய சட்டம் எச்சரிக்கை மிக்கது. வெளியிடும் நோட்டுகளில் நான்கு கோடி ரூபாய் வரையில் மட்டுமே அரசாங்கக் கடன் பத்திரங்களை ஈடாக வைக்கலாம். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் நாணயமாகவோ உலோகக் கட்டியாகவோ கஜானாவில் முழு ஈடு இருத்தல் வேண்டும். ஆகவே கொடுப்பவர் அரசாங்கம், கொடுக்கப்படுவது வெள்ளி, காலவரையறை இல்லை. நான்கில் மூன்று கேள்விகளுக்குச் சிறந்த விடை கிடைத்துவிட்டது. எஞ்சிய கேள்வி, எந்த இடத்தில் என்பது. அங்கேதான் சிக்கல் எழுந்தது.

நாட்டின் எந்த மூலையில் கேட்டாலும் வெள்ளி கொடுப்பதாயின், எல்லா மூலைகளிலும் வெள்ளியைக் குவித்து வைத்தல் வேண்டும். பருத்தி அறுவடைக் காலத்தில் ஒரு பக்கமும், நெல் கொள்முதல் காலத்தில் வேறொரு பக்கமும் பணம் பாயும். பம்பாயில் வாங்கிய நோட்டுகளை எல்லோரும் சென்னையில் நீட்டினால் சென்னைக் கஜானா வறண்டுவிடும். பம்பாயிலிருந்து வெள்ளியை ஏற்றிவரும் செலவோ அரசாங்கத்தின் தலையில் விழும். ரயில் பாதைகள் குறைவாக இருந்த அக்காலத்தில் இது சிறு செலவன்று. இதைத் தவிர்க்கவே நாட்டைச் செலாவணி வட்டங்களாகப் பிரித்தனர். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகியவை முதல் வட்டங்கள். பின்னர் லாகூர், அலகாபாத், கராச்சி, ரங்கூன், கோழிக்கோடு, காக்கிநாடா முதலிய இடங்களிலும் நிலையங்கள் ஏற்பட்டன. எந்த வட்டத்து நோட்டோ அதன் பெயர் நோட்டிலேயே பொறிக்கப்பட்டது. அந்த வட்டத்திற்குள் மட்டுமே அது சட்டச் செலாவணி. மீட்கும் உரிமையும் அந்த வட்டத்து நிலையத்தில்தான். தொடக்கத்தில் மாகாணப் பாங்குகளே இந்த வேலையை அரசாங்கத்தின் ஏஜெண்டுகளாக நின்று செய்து வந்தன. 1867இல் அந்த ஏற்பாடும் முடிவுற்றது.

இனி பெங்களூருக்கு வருவோம். 1864ஆம் ஆண்டு அந்நகரின் வரலாற்றில் இரு வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில்தான் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் தண்டுப் பகுதிக்கு ரயில் ஓடத் தொடங்கிற்று. சென்னை பாங்கின் கிளை பெங்களூரில் திறக்கப்பட்டதும் அவ்வாண்டில்தான். மன்றோவின் உருவம் தாங்கிய நோட்டை வெளியிட்ட அதே பாங்கு, நோட்டு வெளியிடும் உரிமையை இழந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே பெங்களூரில் காலடி வைத்தது. ஆகவே பெங்களூர்க் கிளை கண்டது அரசாங்க நோட்டையே. சொந்த நோட்டை வெளியிடும் பெருமை அதற்கு வாய்க்கவில்லை.

பெங்களூர் அன்று மைசூர் ராஜ்யத்தின் பெருநகரம். தண்டுப் பகுதியில் பிரிட்டிஷ் படைகள் தங்கியிருந்தன. படையைச் சார்ந்து துணி, தானியம், தோல், கட்டடக் கூலி என்று பலவகை வாணிகம் செழித்தது. அல்சூரிலும் தண்டுக் கடைவீதிகளிலும் தமிழ் வர்த்தகர் பலர் தொழில் நடத்தினர். ஆயினும் செலாவணி வட்டம் ஒன்றின் நிலையமாகும் பேறு பெங்களூருக்குக் கிட்டவில்லை. சென்னை நோட்டை வெள்ளியாக்க, சட்டப்படி உரிமை கொண்டாடக்கூடிய இடம் சென்னையே. அது இருநூறு மைலுக்கு அப்பால் இருந்தது.

ஓர் உதாரணம் கொள்வோம். வடக்கே முகாமிட்டிருந்த படைப்பிரிவு ஒன்று பெங்களூருக்கு மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். படைவீரர் ஒருவர் கல்கத்தா வட்டத்து நூறு ரூபாய் நோட்டுடன் தண்டுக் கடைவீதிக்கு வருகிறார். கடைக்காரர் அதை வாங்க மறுத்தால் சட்டம் குறுக்கே நில்லாது. இரக்கப்பட்டு வாங்கினாலும், அதைச் சராபுக் கடையில்தான் மாற்ற வேண்டும். கல்கத்தாவுக்கு அனுப்பி வெள்ளி பெறும் செலவையும், காத்திருக்கும் நாட்களின் வட்டியையும், தன் லாபத்தையும் கழித்துக்கொண்டே சராபு பணம் கொடுப்பார். நாணய மாற்றில் பிடிக்கும் இக்கழிவுக்குத் தமிழில் வட்டம் என்றே பெயர். அரசாங்கம் வகுத்த செலாவணி வட்டமே சராபு பிடிக்கும் வட்டத்திற்குக் காரணமாயிற்று. நோட்டில் எழுதியிருந்த வாக்குறுதி பொய்யன்று. ஆனால் அதை நிறைவேற்றும் இடம் தொலைவில் இருந்தமையால், நூறு ரூபாய் வாக்குறுதி நூறு ரூபாய்க்குச் செல்லவில்லை.

பெரு வர்த்தகர்கள் இந்தத் தொலைவைத் தாண்டும் வழிகளைக் கண்டுகொண்டனர். உண்டியல் எழுதினர், பல ஊர்களில் முகவர்களை வைத்தனர். நோட்டைத் தபாலில் அனுப்புவோர் அதை இரண்டாக வெட்டி, முதற் பாதி போய்ச் சேர்ந்ததாகக் கடிதம் வந்தபின் மறு பாதியை அனுப்பும் வழக்கமும் நெடுநாள் இருந்தது. வழியில் திருடுபவனுக்குப் பாதி நோட்டால் பயன் இல்லை அன்றோ? ஒட்டிய வடுவுடன் கூடிய அக்காலத்து நோட்டுகளை இன்றும் சேகரிப்போரிடம் காணலாம். ஆனால் கைக்கு ஒன்றிரண்டு நோட்டு மட்டும் வரும் எளியவனுக்கு இவ்வழிகள் எவையும் இல்லை. தொலைவின் செலவு முழுவதும் அவன்மீதே விழுந்தது.

அரசாங்கமும் இக்குறையை அறியாமல் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தாவிடினும், ஜில்லா கஜானாக்களில் இருப்பு அனுமதிக்கும் அளவில் நோட்டுக்கு வெள்ளி கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்திற்று. இது பெரிய உதவிதான். எனினும் உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடலாகாது. உரிமை இருந்த நிலையம் தொலைவில். சலுகை கிடைத்த கஜானா அருகில். சலுகையை எப்பொழுது வேண்டுமாயினும் நிறுத்தலாம். சட்டத்தை மீறியதாக ஒருவரும் குறை கூற முடியாது. இந்த வேறுபாடு பின்னர் ஒரு நெருக்கடியில் வெளிப்பட்டது.

அதற்குமுன் ஒரு நல்ல சீர்திருத்தம் நிகழ்ந்தது. 1903ஆம் ஆண்டில் ஐந்து ரூபாய் நோட்டு, பர்மா நீங்கலாக, எல்லா வட்டங்களிலும் செல்லும் என்று சட்டம் திருத்தப்பட்டது. அடுத்து 1910இல் பத்து, ஐம்பது ரூபாய் நோட்டுகளுக்கும், 1911இல் நூறு ரூபாய் நோட்டுக்கும் அந்த உரிமை விரிந்தது. முதலில் விடுதலை பெற்றது மிகச் சிறிய நோட்டு என்பது கவனிக்கத்தக்கது. சிறு நோட்டு பொதுமக்கள் கையில் சிதறிக் கிடப்பது. ஒரே நாளில் ஒரே நிலையத்தில் குவிந்து வெள்ளியை வற்றச்செய்யாது. எனவே எளியவருக்கு நன்மையும் கஜானாவுக்குப் பாதுகாப்பும் அதில் ஒருங்கே அமைந்தன. கழிவு குறைந்ததும் நோட்டின் புழக்கமும் பெருகிற்று. மீட்கும் இடம் அருகில் வந்தால், மீட்க வருவோர் கூட்டம் பெருகும் என்று அஞ்சியவர்கள் உண்டு. வேண்டும்போது எங்கும் வெள்ளி கிடைக்கும் என்று அறிந்த மக்களோ வெள்ளியைக் கேட்காமல் நோட்டையே வைத்துக்கொண்டனர்.

முதலாம் உலகப்போர் இந்த ஏற்பாட்டைக் கடுமையாகச் சோதித்தது. போர்ச் செலவுக்கு நோட்டுகள் பெருகின. வெள்ளியின் விலையோ ஏறிற்று. 1917இல் ஒரு ரூபாய் நோட்டும், 1918இல் இரண்டரை ரூபாய் நோட்டும் வெளிவந்தமை வெள்ளி நாணயத் தட்டுப்பாட்டின் விளைவே. 1918ஆம் ஆண்டின் முற்பகுதியில் வெள்ளி இருப்பு அபாயகரமாகக் குறைந்தது. மாற்று நிலையங்களின் வாயிலில் மக்கள் திரண்டனர். நோட்டுக்கு வெள்ளி கொடுக்க இயலாது என்று அறிவிக்கும் நிலை நெருங்கிற்று. அச்சமயத்தில் அமெரிக்கா 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டத்தை இயற்றி, தன் கஜானாவிலிருந்த வெள்ளி டாலர்களை உருக்கி, இருபது கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்கு விற்றது. வாக்குறுதி காப்பாற்றப்பட்டது. ஆனால் நெருக்கடி நீடித்த காலத்தில், ஜில்லா கஜானாக்களில் வெள்ளி கொடுக்கும் சலுகை பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருந்தது. பெருநகர நிலையங்களில் சட்டம் கெடவில்லை; உள்நாட்டு ஊர்களிலோ நோட்டு மீண்டும் கழிவுக்குச் சென்றது. சட்டம் அளித்த உரிமை நிலைத்தது. சலுகை மட்டும் மறைந்தது. அந்தச் சலுகையை நம்பியிருந்தவர் கிராமத்தார்.

1861ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப்பின் 1871, 1882, 1910, 1923 முதலிய ஆண்டுகளில் புதிய சட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றும் முன்னதை நீக்கி அதன் இடத்தில் அமர்ந்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தை 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் பாங்குச் சட்டம் நீக்கிற்று. 1935 ஏப்ரல் முதல் தேதி ரிசர்வ் பாங்கு தொடங்கியது. 1938 ஜனவரியில் அதன் முதல் ஐந்து ரூபாய் நோட்டு வெளிவந்தது. எழுபத்தாறு ஆண்டுகளுக்குப்பின் நோட்டு மீண்டும் பாங்கு நோட்டாயிற்று. ஆனால் அது பழைய தனியார் பாங்கின் நோட்டு போன்றதன்று. 26ஆம் பிரிவின்படி அது நாடெங்கும் சட்டச் செலாவணி. மத்திய அரசாங்கம் அதற்கு உத்தரவாதம்.

இம்முறை மாறியது, எதைக் கொடுப்பார் என்ற கேள்வியின் விடை. ரூபாய் நாணயம் கேட்டால் ரிசர்வ் பாங்கு கொடுத்தே தீரவேண்டும் என்று 39ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் 1940இல், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், செலாவணி அவசரச் சட்டம் ஒன்று பிறந்தது. அரசாங்கம் வெளியிடும் ஒரு ரூபாய் நோட்டை ரூபாய் நாணயத்திற்கு இணையாகக் கருத வேண்டும் என்று அது விதித்தது. அன்று முதல் நாணயம் கேட்டு வந்தவருக்கு ஒரு ரூபாய்க் காகிதத்தைக் கொடுத்தாலும் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு இறுதியில் நாணயத்திலிருந்த வெள்ளியும் பாதியாயிற்று. 1947இல் வெள்ளி நீங்கி நிக்கல் வந்தது. அந்த அவசரச் சட்டமும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தால் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு ரூபாய் நோட்டை நாணயமாகக் கருதும் வழக்கு புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அந்த நோட்டில் ரிசர்வ் பாங்குக் கவர்னரின் கையொப்பம் இல்லை. நிதித்துறைச் செயலாளரின் கையொப்பமே உண்டு. வாக்குறுதி வாசகமும் அதில் கிடையாது. அதுவே நாணயமாகிவிட்டதால், அதற்குமேல் கொடுக்க வேறொன்றும் இல்லை.

தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு இப்போது விடை கூறலாம். நோட்டின் வாக்குறுதி முன்னாளில் வெள்ளியைக் குறித்தது. இந்நாளில் அது வேறு தொகை நோட்டையும் நாணயத்தையும் குறிக்கிறது. அதன் பின்னே ரிசர்வ் பாங்கின் சொத்துக்களும் அரசாங்கத்தின் உத்தரவாதமும் நிற்கின்றன. எதைக் கொடுப்பார் என்ற கேள்வி இவ்வாறு எளிதாகிவிட்டமையால், எங்கே, எந்நாள் வரை என்னும் இரண்டு கேள்விகளின் எடை இன்று கூடியிருக்கிறது.

எந்நாள் வரை என்ற கேள்வி 1946 ஜனவரியில் முதன்முதலாக வலிமையுடன் எழுந்தது. ஐந்நூறு, ஆயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகள் அவசரச் சட்டத்தால் செல்லாதவை ஆயின. 1978 ஜனவரியில் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகளுக்கு அவ்வாறே நேர்ந்தது. மாற்றிக்கொள்ளச் சில நாட்களே கிடைத்தன. அவ்விரு முறையும் அந்த நோட்டுகள் பெரும்பாலும் செல்வர் கையில் இருந்தன. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் விலக்கப்பட்டபோதோ, அவை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தவை. பாங்குகளில் செலுத்த டிசம்பர் 30 வரை காலம் தரப்பட்டது. 2017இல் இயற்றப்பட்ட சட்டம், அந்நோட்டுகளின் மீது ரிசர்வ் பாங்குக்கிருந்த பொறுப்பும் அரசாங்கத்தின் உத்தரவாதமும் 2016 டிசம்பர் 31 முதல் ஒழிந்தன என்று கூறிற்று. விலக்கப்பட்ட தொகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் பாங்குகளுக்குத் திரும்பிவிட்டதாக ரிசர்வ் பாங்கு பின்னர் அறிவித்தது. திரும்பாத சிறு பங்கில், மறதியால் பெட்டியடியில் தங்கிய முதியோர் சேமிப்பும் அடங்கியிருக்கும் என்று எண்ண இடமுண்டு.

2023 மே மாதத்தில் இரண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்பப் பெற ரிசர்வ் பாங்கு முடிவு செய்தபோது வேறு முறை கையாளப்பட்டது. நோட்டின் சட்டச் செலாவணித் தகுதி நீக்கப்படவில்லை. அக்டோபர் 7 வரையில் எல்லாப் பாங்குகளிலும், அதன்பின் ரிசர்வ் பாங்கின் பத்தொன்பது அலுவலகங்களிலும் கொடுக்கலாம் என ஏற்பாடாயிற்று. அவற்றுள் சென்னையும் உண்டு, பெங்களூரும் உண்டு. நேரில் செல்ல இயலாதவர் தபால் நிலையம் வழியாக அனுப்பித் தம் கணக்கில் வரவு வைக்கச் செய்யவும் வழி செய்யப்பட்டது. 1864இல் ஒரு நோட்டை வெள்ளியாக்கச் சென்னையை நோக்கி நின்ற பெங்களூர், இன்று தானே ஒரு மீட்பு நிலையமாக விளங்குகிறது. நிருபதுங்கா சாலையிலுள்ள ரிசர்வ் பாங்கு அலுவலகத்தை நாடி வெளியூர்களிலிருந்து மக்கள் வருகின்றனர். தொலைவின் சுமை முற்றிலும் நீங்கவில்லை. அது பெங்களூரை விட்டு அவ்வூர்களுக்கு மாறியிருக்கிறது. தபால் வழி திறந்திருப்பது அச்சுமையைக் குறைக்கும் நல்ல ஏற்பாடு.

அன்றாட வாழ்வில் பயன்படும் செய்தி ஒன்றையும் இங்கே கூறுதல் தகும். கிழிந்த நோட்டுக்குப் பணம் பெறுவதை உரிமையாகக் கோர முடியாது என்றும், அருள் நோக்கில் விதிகளின்படி கொடுக்கலாம் என்றும் 28ஆம் பிரிவு கூறுகிறது. உரிமை, சலுகை என்னும் பழைய வேறுபாடு இங்கே இன்றும் நிலவுகிறது. எனினும் இச்சலுகைக்குத் தெளிவான அளவு உண்டு. 2009ஆம் ஆண்டு விதிகளும் அவற்றின் 2018ஆம் ஆண்டுத் திருத்தமும் அதை வகுத்தன. இருபது ரூபாய் வரையுள்ள நோட்டில் பாதிக்கு மேற்பட்ட ஒரே துண்டு இருந்தால் முழுத் தொகை. ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் முழுத் தொகை; நாற்பது முதல் எண்பது பங்கு வரை இருந்தால் பாதித் தொகை; நாற்பதுக்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. இதை அறியாமல், கிழிந்த நோட்டைத் தெருவில் கழிவுக்கு மாற்றி நஷ்டப்படுவோர் பலர். பாங்கில் கொடுத்து முறையாகப் பெறுவதே தக்கது.

பாங்க் ஆப் மதராஸ் 1921இல் இம்பீரியல் பாங்கில் கலந்தது. அது 1955இல் ஸ்டேட் பாங்கு ஆயிற்று. சர் விசுவேசுவரய்யாவின் முயற்சியால் 1913இல் பெங்களூரில் தோன்றிய மைசூர் பாங்கும் 2017இல் அதிலேயே இணைந்தது. பாங்குகள் கலந்தன, சட்டங்கள் நீங்கின. ஆயினும் அவற்றின் அனுபவம் வீணாகவில்லை. நோட்டை மீட்கும் சட்டம் ஒன்று புதிதாக வரும்போதெல்லாம், அது கஜானாவைக் காக்கிறதா என்று ஆராய வல்லுநர் பலர் உண்டு. அந்த நோட்டைக் கடைசியாகக் கையில் வைத்திருக்கும் எளியவன், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் நடக்க வேண்டும் என்பதையும் அவர்களுடன் சேர்ந்து நாமும் கேட்டறிதல் வேண்டும். வாக்குறுதியின் உண்மையான மதிப்பு அந்த இரண்டு விடைகளில்தான் அடங்கியிருக்கிறது.